ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஆட்டோமேட்டிக் கார் சற்றே தூக்கிப் போட்டாலும், ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகும் இழுக்காமல் நின்றாலும், ஒர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் ‘கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்’ என்ற பேச்சுதான். கழற்றியாக வேண்டிய வண்டிகளும் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் கியர்பாக்ஸ் கெட்டுவிட்டதைப் போலவே தோன்றும் பல தொல்லைகளின் காரணம் குறைந்துபோன ஆயில், கிழிந்த எஞ்சின் மவுன்ட்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்), சோர்ந்த பேட்டரி, எலி கடித்த ஒயர் என்று கியர்பாக்ஸின் உட்பகுதிக்கு வெளியே இருக்கிறது. வெளியே இருப்பதை முழுவதும் பார்த்து முடிக்காமல் உள்ளே கைவைக்கச் சம்மதிக்கக் கூடாது.

இங்கே முதன்மையாகப் பேசப்படுவது டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சிவிடி (பெல்ட்டும் புல்லியும் கொண்டது), ஏஎம்டி (கிளட்ச்சையும் கியரையும் கருவியே இயக்கும் சாதாரண கியர்பாக்ஸ்), டிசிடி (இரட்டைக் கிளட்ச் கொண்டது) ஆகியவற்றின் உள்ளமைப்பு வேறு என்பதால் அவற்றுக்கான குறிப்புகள் பிற்பகுதியில் தனியாக உள்ளன. எந்த வகையாக இருந்தாலும், கோளாறு என்ன என்று கேட்பதற்கு முன் அது எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும்: காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா, முன்னால் போகும்போது மட்டுமா, ரிவர்ஸிலும் உண்டா, எல்லாக் கியரிலுமா, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மட்டுமா? இந்தக் கேள்விகளுக்கான விடைகளை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்தாலே தேட வேண்டிய இடம் பெருமளவு குறுகிவிடும்.

எல்லா அறிகுறிக்கும் முன்னால்: ஆயில்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் உள்ள ஏடிஎஃப் எனப்படும் ஆயில் பல்சக்கரங்களுக்கு உராய்வு காப்பதோடு நிற்பதில்லை. கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் விசையும், டார்க் கன்வர்ட்டருக்குள் எஞ்சினின் சக்தியைக் கடத்தும் ஊடகமும், உள்ளே உருவாகும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில்தான். ஆகவே அதன் அளவும் தரமும் சரியில்லை என்றால் வேறு எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது.

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உள்ள வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பின், எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில்) ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று வினாடி நிறுத்தி, மீண்டும் ‘பி’க்குக் (பார்க்கிங்) கொண்டுவந்து அளவைப் பார்க்க வேண்டும். ஹோண்டா வண்டிகள் இதற்கு விலக்கு. அவற்றில் எஞ்சினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். குளிர்ந்த ஆயில் குறைவாகவும் சூடான ஆயில் கூடுதலாகவும் காட்டும் என்பதால்தான் சில டிப்ஸ்டிக்குகளில் இரு நிலைக்கும் தனித்தனிக் கோடுகள் இருக்கின்றன. டிப்ஸ்டிக்கே இல்லாத புதிய வண்டிகளில் கீழேயுள்ள செக் பிளக்கைத் திறந்து, ஆயிலின் வெப்பநிலை கையேட்டில் சொல்லப்பட்ட எல்லைக்குள் இருக்கும்போது மெல்லிய தாரையாக வழிந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எல்லை பல வண்டிகளில் 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான். சென்னை வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே லிஃப்டில் ஏற்றிப் பிளக்கைத் திறந்தால், சூட்டில் விரிந்த ஆயில் வழிந்து, உண்மையில் குறைவாக உள்ள கியர்பாக்ஸும் நிறைந்திருப்பதாகக் காட்டிவிடும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலையைப் பார்க்காமல் இந்தச் சோதனையைச் செய்பவரிடம் வண்டியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அளவைப் பார்த்த கையோடு, ஒரு துளியை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டு இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். துளி அகலமாகப் பரவி, சிவப்பாகவோ இளம்பழுப்பாகவோ இருந்தால் ஆயிலில் இன்னும் உயிர் இருக்கிறது. நடுவில் கறுத்த புள்ளியாகத் தங்கி, விளிம்பில் மட்டும் ஈரம் பரவினால் கிளட்ச் பிளேட்டின் தேய்மானத் தூள் மிகுந்துள்ளது என்று பொருள். மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை வருவது ஆயில் கருகியதற்கும், அதனுடன் கிளட்ச் பிளேட்டும் கருகியிருக்கக்கூடும் என்பதற்கும் அடையாளம். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டியை நகர்த்தக் கூடாது. நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், ஏனெனில் எல்லா ஆயிலும் சிவப்பாகப் பிறப்பதில்லை.

கியர் போட்டும் வண்டி தாமதமாக நகர்கிறது

லீவரை ‘டி’க்கோ (டிரைவ்) ‘ஆர்’க்கோ (ரிவர்ஸ்) மாற்றியதும் வண்டியில் ஒரு மெல்லிய அசைவு தெரிய வேண்டும். அந்த அசைவு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் அளக்கலாம். டொயோட்டாவின் பல மாடல்களுக்கான சர்வீஸ் கையேடுகள், வண்டி சூடாகி ஐடிலில் நிற்கும் நிலையில், ஏசியை அணைத்துவிட்டு, ‘என்’னிலிருந்து (நியூட்ரல்) ‘டி’க்கு 1.2 வினாடிக்குள்ளும் ‘ஆர்’க்கு 1.5 வினாடிக்குள்ளும் கியர் பிடிக்க வேண்டும் என்கின்றன. ஒவ்வோர் அளவுக்கும் இடையே ஒரு நிமிடம் ‘என்’னில் விட்டு, மூன்று முறை அளந்து சராசரி காண வேண்டும்.

இரண்டு பக்கமும் தாமதம் என்றால் காரணம் பொதுவானது: ஆயில் குறைவு, அடைத்துக்கொண்ட ஃபில்ட்டர், பம்ப்பிலிருந்து வரும் அழுத்தக் குறைவு. முன்பக்கம் மட்டும் தாமதம், ரிவர்ஸ் உடனே பிடிக்கிறது என்றால் முன்செலுத்தும் கிளட்ச்சையும் அதன் சீல்களையும் சந்தேகிக்கலாம். ரிவர்ஸ் மட்டும் தாமதமானால் கியர்பாக்ஸுக்குள் ரிவர்ஸுக்கென உள்ள கிளட்ச்சும் பிரேக்கும் விசாரணைக்கு உரியவை. இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலை முதல் முறை மட்டும் தாமதம் தெரிந்து, பிறகு நாள் முழுவதும் சரியாக இருந்தால், டார்க் கன்வர்ட்டரில் இருந்த ஆயில் இரவில் கீழே இறங்கிவிட்டிருக்கலாம், அல்லது ரப்பர் சீல்கள் இறுகிப்போய் சூடான பிறகே இளகுகின்றனவாக இருக்கலாம். ஆயில் அளவு சரியாக இருக்கும்வரை இதற்காக உடனே கியர்பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை. தாமதம் மாதந்தோறும் கூடுகிறதா என்று கவனித்துவந்தால் போதும்.

முற்றிலும் நகராத வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதால் பயனில்லை. ஆயில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்துதான் சுழலும் என்பதால், எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரம் எவ்வளவு உருண்டாலும் உள்ளே அழுத்தம் பிறக்காது, கிளட்ச்சும் பிடிக்காது. இதே காரணத்தால், எஞ்சினை அணைத்து ‘என்’னில் போட்டுக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்துச் சென்றால் உள்பாகங்கள் ஆயில் இல்லாமல் சுழன்று பழுதாகும். வண்டி முழுவதையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி லாரியைக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இதுதான் ஸ்லிப் எனப்படுவது. முந்திச்செல்ல ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் சத்தம் எழும்புகிறது, முள் ஏறுகிறது, வண்டி மட்டும் ஒரு கணம் தயங்கிய பிறகே பிடிக்கிறது. இந்த அறிகுறியில்தான் ‘எப்போது’ என்ற கேள்வி மிக அதிகமாக உதவும்.

வளைவில் திரும்பும்போதும், கடுமையாகப் பிரேக் பிடித்த பின்னும், மேட்டில் ஏறும்போதும் மட்டும் ஸ்லிப் ஆகி, நேர்ச்சாலையில் சரியாகிவிடுகிறதா? ஆயில் குறைவாக இருப்பதால், அது ஒரு பக்கமாக ஒதுங்கும்போது ஃபில்ட்டரின் வாய் காற்றை உறிஞ்சுகிறது. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இது வெளிப்பட்டு, கீழே ஊருக்குள் காணாமல் போய்விடும் என்பதால், ‘இங்கே ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை’ என்று மெக்கானிக் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விட்டுவிடக் கூடாது. ஏடிஎஃப் எஞ்சின் ஆயிலைப்போல் எரிந்து குறைவதில்லை. குறைந்தது என்றால் எங்கோ ஒழுகியிருக்கிறது.

அளவு கூடினாலும் கிட்டத்தட்ட இதே தொல்லைதான். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிய ஆயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் உள்ள காற்று அமுங்கும் என்பதால் கிளட்ச்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் போய்ச் சேராது. ‘கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே’ என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

அளவும் தரமும் சரியாக இருந்தும், குறிப்பிட்ட ஒரு மாற்றத்தில் மட்டும் ஆர்பிஎம் எகிறினால், அந்தக் கியருக்கான சொலினாய்டோ (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வ்), ஆயிலைப் பகிர்ந்தளிக்கும் வால்வ் பாடியில் அதற்கான வழியோ, கிளட்ச் பிளேட்டோ தான் காரணம். இந்த மூன்றில் முதல் இரண்டைப் பெரும்பாலான வண்டிகளில் அடியில் உள்ள ஆயில் பேனை (ஆயில் தங்கும் தட்டை) கழற்றிய அளவிலேயே அணுகிவிடலாம். மூன்றாவதற்குத்தான் முழு கியர்பாக்ஸும் இறங்க வேண்டும். ஆகவே ‘லைன் பிரஷர் (பம்ப் தரும் ஆயில் அழுத்தம்) அளந்தீர்களா, எவ்வளவு வந்தது’ என்று கேளுங்கள். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் அதற்கென்றே ஒரு துளை இருக்கிறது. அழுத்தம் சரியாக இருந்தும் ஒரு கியர் மட்டும் ஸ்லிப் ஆனால் பிளேட் தேய்ந்திருக்கலாம். அழுத்தமே குறைவென்றால் பிளேட்டை மாற்றினாலும் சில மாதங்களில் அது மறுபடி கருகும். பிரேக்கை மிதித்தபடி ‘டி’யில் முழு ஆக்சிலரேட்டரும் கொடுத்துப் பார்க்கும் ஸ்டால் டெஸ்டை வீட்டு வாசலில் செய்ய வேண்டாம். கையேடுகள் அதற்கு 5 வினாடிக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்த 5 வினாடியிலேயே ஆயில் வேகமாகச் சூடேறும், பிரேக் விட்டுக்கொடுத்தால் வண்டி பாய்ந்துவிடும்.

சீரான வேகத்தில் சக்கரத்தடியில் கற்கள் உருள்வதுபோல் அதிர்வு

மணிக்கு 50 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்து நெடுஞ்சாலையில் செல்லும்போது ஒன்றிரண்டு வினாடி குறுகுறுவென்று நடுங்கி நிற்கும் இந்த அதிர்வு, பலமுறை எஞ்சின் கோளாறு என்று தவறாகக் கணிக்கப்பட்டு, பிளக்கும் காயிலும் வீணாக மாற்றப்படுகின்றன. டார்க் கன்வர்ட்டருக்குள் லாக்-அப் கிளட்ச் என்று ஒன்று உண்டு. சீரான வேகம் வந்ததும் அது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டிவிடும். பூட்டும் நேரத்தில் முழுதாகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடித்தால் இந்த நடுக்கம் எழும்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. போக்குவரத்து இல்லாத, பின்னால் வண்டி வராத சாலையில், நடுக்கம் தெரியும்போது வலது காலை அசைக்காமல், இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். பிரேக் சிக்னல் கிடைத்ததும் லாக்-அப் விடுபடும். ஆர்பிஎம் முள் ஓரிரு நூறு மேலேறும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் குற்றவாளி லாக்-அப்தான். நிற்காமல் தொடர்ந்தாலோ, மேட்டில் முழு பாரத்தில் ஏறும்போது இன்னும் மோசமானாலோ, செக் எஞ்சின் விளக்கு மினுக்கினாலோ, பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் திரும்பலாம்.

லாக்-அப் நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஆயிலில் உராய்வைச் சீர்செய்யும் சேர்மானங்கள் தீர்ந்துபோவதே என்பதால், தொடக்க நிலையில் ஆயிலை முறையாக மாற்றினாலே பல வண்டிகள் குணமாகிவிடுகின்றன. இந்தச் சேர்மானத்துக்கு ஒரு விசித்திரமான வரலாறும் உண்டு: 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஏடிஎஃப் தயாரிப்பில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் இதற்காகவே சேர்க்கப்பட்டது, திமிங்கலப் பொருட்களுக்குத் தடை வந்த பின்னரே செயற்கைச் சேர்மானங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. நடுக்கத்தை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் லாக்-அப் கிளட்ச்சின் தூள் ஆயிலோடு கலந்து வால்வ் பாடிக்குள் போய் அடைக்கும், பிறகு ஆயில் மாற்றத்தால் பயன் இருக்காது.

கியர் விழும்போது தூக்கிப் போடுகிறது

‘பி’யிலிருந்து ‘டி’க்கோ ‘ஆர்’க்கோ மாற்றும்போது மட்டும் ‘டங்’ என்று அடித்து, ஓடும்போது கியர்கள் மென்மையாக மாறுகின்றன என்றால் கியர்பாக்ஸை விட்டுவிட்டு மவுன்ட்டிங்கைப் பாருங்கள். பானட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, உள்ளே ஒருவரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லி, ஐடிலிலேயே ‘டி’யும் ‘ஆர்’உம் மாறிமாறிப் போடச் செய்து, நீங்கள் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று எஞ்சினைக் கவனிக்க வேண்டும். நல்ல மவுன்ட்டிங்கில் எஞ்சின் லேசாகச் சாய்ந்து திரும்பும். ரப்பர் கிழிந்திருந்தால் அது எழும்பித் துள்ளுவதும், இரும்போடு இரும்பு மோதும் ஓசையும் தெரியும். ஐடில் ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தாலும் இந்த அடி வரும். காலையில் குளிர்ந்த எஞ்சின் கூடுதல் ஆர்பிஎம்மில் ஓடுவது இயல்பு; முள் இறங்கும்வரை அரை நிமிடம் பொறுத்துக் கியர் போட்டால் போதும்.

ஓடும்போது எல்லா மாற்றங்களும் முரடாக இருந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டையும், எஞ்சின் பார அளவைச் சொல்லும் சென்சார்களையும் ஆராய வேண்டும். பேட்டரியை மாற்றிய அல்லது கழற்றி மாட்டிய மறுநாளிலிருந்து தொடங்கியது என்றால் கவலை வேண்டாம். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் அந்த வண்டியின் தேய்மானத்துக்கேற்பக் கற்றுவைத்திருந்த அளவுகள் சில மாடல்களில் அழிந்துபோயிருக்கும். நிதானமாக, எல்லாக் கியர்களும் மாறும்படி சில நாள் ஓட்டினால் மீண்டும் கற்றுக்கொள்ளும், இல்லையெனில் ஸ்கேனர் வழியாகக் கற்றுக்கொடுக்கலாம்.

ஒரே கியரில் நின்றுவிட்டது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது

கம்ப்யூட்டர் ஒரு கோளாற்றை உணர்ந்ததும் கியர்பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில், பெரும்பாலும் மூன்றாவது கியரில், பூட்டிவிடுகிறது. வண்டி மந்தமாகக் கிளம்பும், வேகம் ஏறாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அணைத்து, சில நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்தால் பலமுறை சரியாகிவிடும். அதனால் கோளாறு தீர்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது. கோளாற்றைக் குறிக்கும் எண்ணான கோட் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும். அதை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விலை குறைந்த ஸ்கேனர்களில் பெரும்பாலும் ‘பி0700’ மட்டுமே தெரியும். ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோட் இருக்கிறது, அங்கே போய்ப் பார்’ என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. அந்த ஒற்றைக் கோடை மட்டும் காட்டிக் கியர்பாக்ஸை மாற்றச் சொன்னால், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையே படிக்கும் ஸ்கேனர் உள்ள வேறு இடத்துக்குச் செல்லுங்கள். அங்கே ‘பி0705’ வந்தால் லீவர் நிலையைச் சொல்லும் சுவிட்ச், ‘பி0715’ என்றால் உள்சுழற்சி வேகச் சென்சார், ‘பி0720’ என்றால் வெளிச்சுழற்சி வேகச் சென்சார், ‘பி0741’ லாக்-அப் பிடிக்காதது, ‘பி0750’ முதல் ஷிஃப்ட் சொலினாய்டு, ‘பி0218’ அதிக சூடு. உண்மையிலேயே உள்பாகத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்புவது ‘பி0730’ போன்ற கியர் விகிதம் ஒத்துவராத கோடுகள்தான். அதிலும் சென்சார் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோடுகள் ஒரே நேரத்தில் குவிந்திருந்தால் பேட்டரியை அளந்து பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையிலும் இருப்பது நலம். அடுத்து, கியர்பாக்ஸுக்குப் போகும் ஒயர்கட்டு. மழைக்காலத்தில் எஞ்சின் சூட்டைத் தேடி வரும் எலிகள் ஒயரின் மேலுறையைக் கடித்துவைப்பது நம் ஊரில் அன்றாடம் நடப்பது. கியர்பாக்ஸின் மேல் காய்ந்த இலையும் எலிப் புழுக்கையும் கிடந்தால் அந்த இடத்து ஒயர்களை விரலால் தடவிப் பார்த்த பிறகே மற்ற வேலை.

லீவர் ‘பி’யை விட்டு நகரவில்லை

பயமுறுத்தும் அறிகுறி, பெரும்பாலும் மலிவான தீர்வு. பிரேக்கை மிதித்தால்தான் லீவரின் பூட்டு திறக்கும். மிதித்ததைச் சொல்வது பிரேக் விளக்கு சுவிட்ச். ஆகவே வண்டியைச் சுவருக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்தி, மிதிக்கும்போது சிவப்பு வெளிச்சம் சுவரில் படுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். படவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது பெடலின் மேல்முனையில் உள்ள சுவிட்ச். வெளிச்சம் வந்தும் லீவரினடியில் மெல்லிய ‘டிக்’ ஓசை கேட்கவில்லை என்றால் பூட்டின் சொலினாய்டு. அவசரத்துக்குப் பல வண்டிகளில் லீவர் அருகே சிறு மூடியொன்று இருக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, அதைத் திறந்து சாவியாலோ சிறு ஸ்க்ரூடிரைவராலோ அழுத்தியபடி லீவரை நகர்த்தலாம்.

சரிவில் நிறுத்திய வண்டியில் மட்டும் லீவர் இறுகி, ‘டக்’ என்ற சத்தத்தோடு விடுபடுகிறது என்றால் பழுது எதுவும் இல்லை, நிறுத்தும் முறைதான் தவறு. பிரேக்கை மிதித்தபடியே ‘என்’, பிறகு ஹேண்ட்பிரேக், பிறகு பிரேக்கைத் தளர்த்தி வண்டி ஹேண்ட்பிரேக்கில் தங்கியதும் மீண்டும் மிதித்து ‘பி’ என்ற வரிசையில் நிறுத்தினால், முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு இரும்புக் கொக்கியில் தொங்காது.

‘பி’யில் ஸ்டார்ட் ஆகாமல் ‘என்’னில் மட்டும் ஆகிறது, ரிவர்ஸ் விளக்கும் எரிவதில்லை என்றால், லீவர் நிலைச் சுவிட்சோ லீவர் கேபிளோ இடம் மாறியிருக்கிறது.

தரையில் சொட்டு, ஆயிலில் தண்ணீர்

இரவில் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து, முன்சக்கரங்களின் இடத்தை அதில் குறித்துவைத்தால் காலையில் ஒழுகும் இடம் தெரிந்துவிடும். பேன் கேஸ்கெட்டும், சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலின் சீலும், ரேடியேட்டருக்குப் போகும் குழாய் இணைப்பும் சிறு வேலைகள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டினால் அது பம்ப்பின் முன் சீலாக இருக்கலாம், கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும். ஆனால் எஞ்சினின் பின் சீலும் அதே இடத்தில்தான் ஒழுகும் என்பதால் சொட்டின் நிறத்தையும் வாடையையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டிப்ஸ்டிக்கில் ரோஸ்மில்க் நிறம் தெரிந்தால், ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே அமைந்த வண்டிகளில் அது உடைந்து கூலன்ட் கலந்திருக்கக்கூடும். கிளட்ச் பிளேட்டின் காகிதம் போன்ற உராய்வுப் பரப்பையும் அதை ஒட்டியிருக்கும் பசையையும் தண்ணீர் பெயர்த்துவிடும் என்பதால், கலந்த நிலையில் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் செலவைக் கூட்டும். இன்னொரு வழி வெள்ளம். கியர்பாக்ஸின் மேற்பகுதியில் காற்று போகவர ஒரு பிரீதர் துளை உண்டு. சூடான கியர்பாக்ஸ் வெள்ளத்தில் திடீரென்று குளிரும்போது அந்தத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீரில் நின்ற வண்டிகளுக்கு எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்குக் கியர்பாக்ஸைப் பற்றிப் பலரும் கவலைப்படவில்லை. நீர் கியர்பாக்ஸ் உயரத்தைத் தொட்டிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல், ட்ரெய்ன் பிளக்கை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். அசையாமல் நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், முதலில் வருவது அதுதான்.

சிவிடி, ஏஎம்டி, டிசிடி

சிவிடியில் இரு புல்லிகளுக்கு இடையே உலோகப் பெல்ட் அழுத்தப்பட்டு ஓடுகிறது. அதற்கான ஆயில் பெல்ட் வழுக்காதபடி பிடிப்புத் தருவதற்கென்றே செய்யப்பட்டது. சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் கீறல் விழுந்து போகும். வேகத்தோடு கூடும் ஊளைச் சத்தமும், கிளம்பும்போது வரும் நடுக்கமும் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆர்பிஎம் முதலில் ஏறி வேகம் பின்னால் வருவது மட்டும் சிவிடியின் இயல்பு, அதை ஸ்லிப் என்று எண்ண வேண்டாம்.

2014-இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியாவில் பரவிய ஏஎம்டி, உண்மையில் சாதாரண கியர்பாக்ஸும் காய்ந்த (ஆயிலில் நனையாத) கிளட்ச்சும்தான். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் ஆக்சுவேட்டர் எனும் கருவியின் வேலை. கியர் விழாமல் ‘என்’ மினுக்கினால் ஆக்சுவேட்டர், அதற்கான ஆயில், கிளட்ச் தேய்மானம், பேட்டரி ஆகியவற்றைப் பாருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்துவதுதான் இதன் கிளட்ச்சைக் கருக்கும் முதல் வழக்கம். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டிக்யூ200 போன்ற காய்ந்த கிளட்ச் டிசிடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதைவிட, முன்னால் சற்று இடம் விழும்வரை பிரேக்கில் நின்று பிறகு நகர்வது அதற்கு நல்லது.

ஆயில் மாற்றும்போது

‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று விற்கப்பட்ட பல வண்டிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், மாற்றச் சொல்கிறது. கையேட்டில் ‘கடினப் பயன்பாடு’ என்று தனியாக ஓர் அட்டவணை இருந்தால், பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலும் மே மாத வெயிலும் மலைப்பாதையும் அதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரெய்ன் பிளக்கைத் தொடும் முன் நிரப்பும் பிளக்கைத் திறந்துவிட வேண்டும். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், ஆயிலை இறக்கிய வண்டி லிஃப்டிலேயே மாட்டிக்கொள்ளும். வடிந்த ஆயிலை அளவுக்குடுவையில் அளந்து அதே அளவை ஊற்றுவது தொடக்கம். இறுதி அளவை வெப்பநிலை பார்த்தே நிலைநிறுத்த வேண்டும். ஒருமுறை வடித்தால் எல்லா ஆயிலும் வராது, டார்க் கன்வர்ட்டரில் இருப்பது அங்கேயே தங்கும். மொத்தம் 7 லிட்டர் கொள்ளும் கியர்பாக்ஸில் 3 லிட்டர் வடிகிறது என்றால், ஒரு மாற்றத்தில் 43 விழுக்காடும், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் செய்யும் இரண்டாவதில் 67 விழுக்காடும், மூன்றாவதில் 81 விழுக்காடும் புதிய ஆயிலாகும். பல ஆண்டுகள் மாற்றாத வண்டிக்கு, இயந்திரத்தில் அழுத்தம் கொடுத்து ஒரேயடியாகக் கழுவுவதைவிட இந்தப் படிப்படியான முறையே என் பரிந்துரை. ஆயிலின் பெயரில் ‘ஏடிஎஃப்’ என்று இருந்தால் போதாது. டொயோட்டாவின் டபிள்யூஎஸ்ஸும் அதே நிறுவனத்தின் டி-4-உம்கூட ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

பேனைக் கழற்றினால் அதிலுள்ள காந்தத்தைத் துடைக்கும் முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். விரலில் ஒட்டும் சாம்பல் நிறக் குழைவு எந்தக் கியர்பாக்ஸிலும் இருக்கும். நகத்தில் குத்தும் இரும்புச் சீவல், பேனின் அடியில் மின்னும் பித்தளைத் துகள், கறுத்த பிளேட் துண்டு ஆகியவை தெரிந்தால் புதிய ஆயிலை ஊற்றுவதற்கு முன்பே அடுத்த கட்டத்தைப் பேசிவிட வேண்டும். பேன் போல்ட்டுகள் மெல்லியவை, பலத்தோடு முறுக்கினால் பேன் வளைந்து அங்கேயே ஒழுகும். ட்ரெய்ன் பிளக்கின் வாஷரையும் புதிதாகவே போட வேண்டும். வேலை முடிந்து நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, முதலில் பார்த்த அதே முறையில் அளவை இன்னொரு முறை சரிபார்த்து, ஸ்டாப்வாட்சில் ‘டி’, ‘ஆர்’ பிடிக்கும் நேரத்தையும் மறுபடி அளந்து, கிலோமீட்டர் கணக்கோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.